பார்க்காத முழங்கால்

“போன்ல யாருக்காவது மருந்து சொன்னதுண்டா? சொன்னவங்க கையத் தூக்குங்க.”

டாக்டர் பெமிலா இப்படிக் கேட்டபோது அரங்கில் ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மெல்ல முன்வரிசை வரைக்கும் வந்தது. பெமிலாவும் சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டம் அது. நாகர்கோவிலில் அந்தக் கல்லூரியின் பயிற்சி மருத்துவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தொலைவிலிருந்து நோயாளியைப் பார்ப்பதைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்று சமூக மருத்துவத் துறை ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தது. ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்திருந்தார்கள். கேள்விக்கு எதிரே கட்டம். கட்டத்துக்குள் ஒரு சரி போட்டால் போதும்.

“நீங்க இப்ப தனியா யாருக்கும் மருந்து எழுதக் கூடாது. நேர்லயும் கூடாது, போன்லயும் கூடாது. சீனியர் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். இது எல்லாருக்கும் தெரியும்தானே?” என்றார் பெமிலா.

தெரியும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இர்ஷாதாவும் ஆட்டினாள். அவள் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்த முதல் வருடத்திலேயே தேங்காய்ப்பட்டணத்தில் அவள் தெரு முழுக்க அவளை டாக்டராக்கிவிட்டது. குழந்தையின் முதுகில் வந்த தடிப்பு, ஒருவருடைய நாக்கு, இன்னொருவருடைய சர்க்கரை அளவு என்று போட்டோக்கள் வரும். அவள் புத்தகத்தைப் புரட்டி, சீனியர்களைக் கேட்டு, ஏதாவது சொல்வாள். பெரும்பாலும் சரியாகிவிடும். பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடுகிறவை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பக்கத்து நாற்காலியில் மகேஷ்குமார் வேகவேகமாகச் சரி போட்டுக்கொண்டிருந்தான். ஆரல்வாய்மொழிக்காரன். இனி எல்லா வைத்தியமும் திரையில்தான் என்று விடுதியில் மணிக்கணக்காகப் பேசுகிறவன்.

இர்ஷாதாவின் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. வாப்பா. அவள் எடுக்கவில்லை. நின்றது, திரும்ப அதிர்ந்தது. மூன்றாம் முறை அதிர்ந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்த நேரம் ஓமானில் ஜும்ஆ தொழுகை நேரம். அங்கே சோஹார் நகரில் வேலைபார்த்த இத்தனை வருடத்தில் வாப்பா ஜும்ஆவை விட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. பள்ளிவாசலில் இருக்கவேண்டிய மனிதர் எப்படிக் கூப்பிடுகிறார்?

குனிந்தபடியே எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

ஐஎம்ஓ வீடியோவில் முகம் தெரிய நேரமாயிற்று. முதலில் ஒரு மின்விசிறி, அப்புறம் இரட்டை அடுக்குக் கட்டிலின் கம்பி, அப்புறம் வாப்பா செய்யது அலியின் தாடி.

“மக்களே, டூட்டியிலயா?”

“இல்ல வாப்பா. பள்ளிக்குப் போகல்லியா?”

“போகல்ல. ஒரு வெப்ராளம், வயிறு ஒருமாதிரி இருக்கு. காஸ் ஆக்கும். நீ அதுக்கு ஒரு மாத்திர பேரு மட்டும் சொல்லு. இஞ்ச பார்மசி தொறந்தோன்ன முருகதாஸ் வாங்கிட்டு வருவான்.”

பேச்சை இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். நெற்றி மினுமினுத்தது. வெளிச்சமா வியர்வையா என்று தெரியவில்லை.

“எங்க நோவுது?”

“வயிறுதான். நெஞ்சுக்குக் கீழ.”

“எப்ப துடங்கிச்சு?”

“இன்னைக்குக் காலத்த. ஒரேயடியா வந்துச்சு பாத்துக்க. கத்திய வச்சுக் குத்துனமாதிரி. தோளு வரைக்கும் இழுக்குது.”

கதவைத் திறந்துகொண்டு மகேஷ்குமார் வந்தான். “வருகைப்பதிவு எடுக்கப் போறாங்க. வாறியா?” என்றவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றான். அவள் ஒலியை அடைத்துவிட்டு நான்கு வார்த்தையில் சொன்னாள்.

“வயசு?”

“ஐம்பத்து நாலு.”

“நெஞ்சுக்குக் கீழ வலி, வேர்வை, தோளுக்கு இழுக்குது. இர்ஷா, இது ஹார்ட். ஆஸ்பிரின் மென்னு முழுங்கச் சொல்லு. அந்த ரூம்ல யாருட்டயாவது இருக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இதே பதிலைத் தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். அவள் ஒலியைத் திறந்தாள். ஆஸ்பிரின் என்ற சொல் வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் மாரடைப்பு வந்தவர்கள் படுக்கையில் நெளிவதை அவள் பார்த்திருக்கிறாள். வாப்பா, அசைந்தால் வலிக்கும் என்பதுபோல, அசையவே இல்லை. போனைப் பிடித்த கைகூட நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

“வாப்பா, இப்ப என்னெல்லாம் மாத்திர எடுக்கிய?”

“ஒண்ணும் இல்ல. பிரஷர் மாத்திர. பின்ன நீ சொன்னது.”

“நான் என்ன சொன்னேன்?”

“முட்டுக்கு.”

அவளுக்கு நினைவு வரச் சிறிது நேரம் பிடித்தது. போன நோன்புக்கு முன்னால். வாப்பா கட்டுமானப் பொருள் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஏணியில் ஏறி இறங்குகிற வேலை. முட்டு வலி என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவள் வார்டுக்கு ஓடுகிற வழியில் டைக்ளோஃபெனாக் என்று எழுத்துக் கூட்டிச் சொல்லி, சாப்பாட்டுக்குப் பிறகு, அஞ்சு நாளு என்று பதில் அனுப்பினாள். அதோடு அதை மறந்துபோனாள்.

“அது அஞ்சு நாளுக்கு வாப்பா.”

“நல்லா கேட்டுச்சு மக்களே. விட்டா திரும்ப வரும். உம்மாட்ட சொல்லி, ஊருலேந்து வாறவங்க கையில வாங்கிக் குடுத்து விடச் சொல்லுவேன். காலத்த ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

வராந்தாவின் சிமெண்டுக் கைப்பிடியை அவள் பிடித்துக்கொண்டாள். வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய அந்த வலி மாத்திரையை அவர் நிறுத்தாமல் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். வெயிலில் கண் கூசியது.

“ஆஸ்பிரின் சொல்லிட்டியா?” என்றான் மகேஷ்குமார். அவள் திரும்ப ஒலியை அடைத்தாள்.

“இல்ல. இது ஹார்ட் இல்லன்னு நினைக்கேன். வயித்துப் புண்ணு ஓட்டையாகியிருந்தா ஆஸ்பிரின் குடுத்தா என்ன ஆகும்?”

“ஹார்ட்டா இருந்து குடுக்கலன்னா?” என்றான் அவன்.

உள்ளே பெமிலாவின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் சர்ஜரி சீனியர் யாராவது கிடைக்காங்களான்னு பாக்குறேன்” என்று சொல்லி மகேஷ்குமார் படியிறங்கி ஓடினான்.

அவள் ஒலியைத் திறந்தாள். “வாப்பா, முருகதாஸ் மாமாட்ட போனைக் குடுங்க.”

வாப்பாவோடு ஒரே அறையில் இருக்கும் முருகதாஸ் குலசேகரத்துக்காரர். ரப்பர் பால் வெட்டுகிற குடும்பம்; இவர் ஏசி மெக்கானிக்காகப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அலிக்கா, அலிக்கா என்று வாப்பாவோடு ஒட்டிக்கொண்டே இருக்கிற மனிதர். போனை வாங்கியவர் அறைக்கு வெளியே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“டாக்டரு பிள்ளே, அவரு உன்கிட்ட சொல்லமாட்டாரு. ரெண்டு மூணு நாளா வெளிக்குப் போனா கறுப்பா, தாரு மாதிரி போகுதுன்னாரு. மகள்ட்ட அதெல்லாம் எப்பிடிச் சொல்லன்னு விட்டுட்டாரு.”

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

“சரி மாமா. இப்ப நான் சொல்லுத மாதிரி செய்யணும். போனைக் கட்டில் கம்பியில சாச்சு வைங்க. வயிறு எனக்குத் தெரியணும். சட்டையத் தூக்குங்க.”

சட்டை தூக்கப்பட்டது. வாப்பாவின் வயிற்றை அவள் பார்த்தது சின்ன வயதில் கடலில் குளிக்கப் போனபோது. இப்போது அது திரையில் ஒரு உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

“காலை மடக்கி வைக்கச் சொல்லுங்க. வாப்பா, மூச்ச நல்லா இழுத்து விடுங்க.”

நெஞ்சு ஏறி இறங்கியது. வயிறு ஏறவில்லை. அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தாள். இல்லை, மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வயிறு மட்டும் அப்படியே கிடந்தது.

“மாமா, உங்க கைய நல்லா தேச்சுச் சூடாக்குங்க. தொப்புளுக்கு மேல பைய வைங்க. அமுக்கண்டாம். சும்மா வச்சாப் போதும். எப்பிடி இருக்கு?”

“கட்டியா இருக்கு.”

“அவரு இறுக்கிப் பிடிச்சிருக்காரா? பேச்சுக் குடுத்துட்டே கொஞ்சமா அமுக்குங்க.”

முருகதாஸ் ஏதோ கேட்டார். வாப்பா பதில் சொல்லத் தொடங்கி, பல்லைக் கடித்தார்.

“விடல்ல பிள்ளே. பலகையத் தொட்ட மாதிரி இருக்கு.”

அறுவைச் சிகிச்சை வார்டில் அவள் இருந்தபோது யூனிட் தலைவர் அவள் கையைப் பிடித்து, ஓட்டை விழுந்து பலகையாக இறுகிய ஒரு கிழவரின் வயிற்றில் வைத்திருக்கிறார். மறக்காதே என்று சொன்னார். கை மறக்கவில்லை. ஆனால் அந்தக் கை நாகர்கோவிலில் ஒரு சிமெண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“மாமா, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாது. குடிக்க வெள்ளம் கூட வேண்டாம்.”

“நாளைக்குக் கம்பெனி கிளினிக் தொறக்கும்” என்று உள்ளிருந்து வாப்பாவின் குரல் வந்தது. “வெள்ளிக்கிழம அங்க யாரு இருப்பா? அவளுட்ட ஒரு ஊசி பேரு கேளுடே.”

போன் மறுபடி அவர் கைக்குப் போனது.

“வாப்பா, உங்க வயித்துல ஓட்ட விழுந்திருக்குன்னு நினைக்கேன். இன்னிக்கே ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்.”

“உறப்பா?” என்றார் அவர்.

உறுதிதான் என்று சொல்லிவிடலாம். இத்தனை நாளும் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். குரலில் உறுதி இருந்தால்தான் போனில் கேட்பவர்கள் கேட்பார்கள்.

“உறப்பு இல்ல. எனக்குத் தொட்டுப் பாக்க முடியல்ல வாப்பா. இங்க நின்னு ஒண்ணும் செய்ய முடியல்ல. அதனாலதான் போகச் சொல்லுதேன்.”

செய்யது அலி மகளின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். “நீ கரையாத” என்றார். “போறேன்.”

அவள் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மகேஷ்குமார் ஓர் அறுவைச் சிகிச்சை முதுநிலை மாணவரை இழுத்துக்கொண்டு வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பெர்ஃபரேஷன் மாதிரிதான் இருக்கு. அனுப்பிட்டே இல்லியா? அவ்வளவுதான் செய்ய முடியும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மகேஷ்குமார் படிக்கட்டில் உட்கார்ந்தான். “நான் ஆஸ்பிரின் குடுத்திருப்பேன்” என்றான். திரும்பவும் அதையே சொன்னான்.

அவளால் உட்கார முடியவில்லை. அரங்குக்குள் போய் பெமிலாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மாத்திரையைப் பற்றியும் சொன்னாள். பெமிலா திட்டவில்லை. “வீட்டுக்குப் போ” என்றார்.

தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் எழுந்து நின்றாள். தக்கலையில் ஒரு பெண் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அது நல்லதாகப் பட்டது. முருகதாஸின் குரல்பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆம்புலன்ஸ் வந்தாச்சு. ஆஸ்பத்திரி வந்தாச்சு. படம் எடுக்கக் கொண்டு போறாவ. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. கருங்கல் தாண்டும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அங்கே உள்ள டாக்டர், மலையாளி. நோயாளி என்ன மருந்து எடுத்தார், எத்தனை காலம், வேறு நோய் உண்டா என்று கேட்டார். பஸ்ஸின் இரைச்சலில் அவள் கத்திக் கத்திப் பதில் சொன்னாள். மருந்தின் பெயரையும் மாதக்கணக்கையும் சொன்னாள்.

“யார் எழுதிக் கொடுத்தது?”

“நான்தான். ஹவுஸ் சர்ஜன்.”

“ஓ” என்றார் அவர். பிறகு வயிற்றில் காற்று கசிந்திருப்பது படத்தில் தெரிகிறது, உடனே திறக்கப் போகிறோம் என்றார்.

வீட்டில் உம்மா சுபைதா பேகம் கருவாட்டை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் பக்கத்துத் தெரு ஷமீர் சோஹாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிட. பாயில் முறுக்கும் அலுவாவும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள்.

இர்ஷாதா நின்றபடியே சொன்னாள். உம்மா கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தாள், துடைத்துத் தீரவில்லை.

“மெடிக்கல்காரன் ஒருநாளு கேட்டான், இத்தன எதுக்குன்னு. டாக்டரு சொன்னதாக்கும்னு சொன்னேன்.” அவள் நிமிர்ந்தாள். “எம் பிள்ள சொன்னதாக்கும்னு சொன்னேன்.”

“எனக்குத் தெரியாது உம்மா, அனுப்புறது.”

“நீ கேட்டியா? அவரு சொகமா இருக்காரான்னு நெதமும் கேப்ப. முட்டு எப்பிடி இருக்குன்னு ஒருநாளு கேட்டியா?”

உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். போனவள் உடனே திரும்பி வந்து மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் ஒரே கோபத்தில் செய்ததைப் போல இருந்தது.

அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த பிறகு முருகதாஸிடமிருந்து குரல்பதிவு வந்தது. ஆபரேஷன் முடிஞ்சாச்சு. மூக்குல டியூப் போட்டிருக்காவ. கண்ணத் தொறந்து வெள்ளம் கேட்டாரு, குடுக்கப்படாதுன்னு சொல்லிட்டாவ.

ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் முருகதாஸைக் கூப்பிட்டாள்.

“மாமா, அந்த மாத்திர வேற யாருக்காவது வாப்பா குடுத்திருக்காவளா?”

முருகதாஸ் தயங்கினார். “எனக்கே இடுப்பு நோவுக்குத் தருவாரு. நம்ம பிள்ள சொன்ன மாத்திர, கொள்ளாம், நல்லா கேக்கும், போட்டுப் பாருன்னு. ரூம்ல ஒருமாதிரி எல்லாருக்கும்தான்.”

“எல்லாரையும் வரச் சொல்லுங்க.”

அன்று மாலை போன் அந்த அறையில் கட்டிலுக்குக் கட்டில் போயிற்று. களியக்காவிளைக்காரர் ஒருவர், கொல்லத்துக்காரர் இருவர், தமிழ் புரியாத ஒரு வங்காளி; அவருக்கு முருகதாஸ் மொழிபெயர்த்தார். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள், வயிறு எரிகிறதா, கறுப்பாகப் போகிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். நிறுத்தச் சொன்னாள். களியக்காவிளைக்காரருக்கு வயிறு எரிச்சல் இருந்தது. மறுநாளே கிளினிக்கில் காட்டச் சொன்னாள். அவர் கோபப்பட்டார்.

“நிறுத்துனா வேலைக்கு எப்பிடிப் போக? நோவுக்கு வேற என்ன திங்க?”

“எனக்கு உங்களப் பாக்காம சொல்லத் தெரியாது.”

“அன்னைக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?” என்று கேட்டுவிட்டு அவர் போனைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் கிளினிக்குக்குப் போனதாக இரண்டு நாள் கழித்து முருகதாஸ் சொன்னார்.

செய்யது அலி ஒரு மாதம் கழித்து விடுப்பில் வந்தார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி வந்தவரின் சட்டை தோளில் தொங்கியது. காரில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும், எம் மகள்தான் ஊருல இருந்தே கண்டுபிடிச்சா என்று சொன்னாராம். நர்சுகள் வியந்தார்களாம். இர்ஷாதா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவர் குளித்து, இடுப்பில் சாரம் மாற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வயிற்றின் நடுவே நீளமாகத் தழும்பு. விரலால் தொட்டுப் பார்த்தாள். வயிறு மிருதுவாக இருந்தது. மூச்சுக்கு ஏறி இறங்கியது.

“நல்லாத்தானே தச்சிருக்கான்?”

“நல்லா தச்சிருக்கு. வாப்பா, இனி யாருட்டயும் நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லாதீங்க. அந்த மாத்திரையாலதான் வந்துச்சு. நான் தந்த மாத்திர.”

“நீ அஞ்சு நாளுதான சொன்ன. நானாக்கும் நிறுத்தாம விட்டது.”

“ஆறாம் நாளு நான் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்.”

மகள் சொல்வதை மறுக்கவும் அவருக்கு மனமில்லை, ஒத்துக்கொள்ளவும் மனமில்லை. காலை நீட்டினார், நீட்டும்போது முகம் சுளித்தது.

“இன்னும் நோவுதா?”

“அது எங்க போகும்? இப்ப மாத்திரயும் இல்ல.”

அவள் சாரத்தை முட்டுக்கு மேல் ஏற்றினாள். அவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை. வலது முட்டு இடதைவிட வீங்கியிருந்தது. மடக்கிப் பார்த்தாள். உள்ளங்கைக்கு அடியில் மணல் உரசுவது போல நறநறத்தது. உள்பக்கம் ஓரிடத்தில் விரலை வைத்ததும் அவர் ஸ்ஸ் என்றார். இந்த முட்டுக்குத்தான் வார்டுக்கு ஓடும்போது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பினாள். அது எந்தக் கால் என்றுகூட அன்று கேட்கவில்லை.

“எப்ப இருந்து வீங்கியிருக்கு?”

“ஏணியில இருந்து சறுக்குன பிறகு.”

“சறுக்குனியளா? எப்ப?”

“அதாக்கும் துடக்கம். நீ கேக்கல்ல, நானும் சொல்லல்ல.”

திங்கட்கிழமை அவரைத் தன் ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். கோட்டு போட்டுக்கொண்டு நேராக உள்ளே நுழையலாம்; மகேஷ்குமாரும் அதையே சொன்னான். அவள் வாப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட்டம் நகரவில்லை. செய்யது அலி எழுந்தார், உட்கார்ந்தார், சாயா குடிக்கலாமா என்றார், இத்தனைக்கு இது ஒரு முட்டு வலிதானே என்றார்.

“இருங்க வாப்பா. அவங்க பாக்கட்டு” என்றாள் அவள். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தபடி அவர் முட்டின்மேல் கையை வைத்திருந்தாள்.